அட்டவணைக் கேள்வியைக் கண்டு தயங்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

புவியியல் பாடம் முழுக்கப் படித்துவிட்டேன், அட்டவணையோ வரைபடமோ கொடுத்துக் கேட்டால் மட்டும் மதிப்பெண் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். உனக்குப் பாடம் தெரியாமல் அது போகவில்லை. தலைப்பில் ‘மக்கள்தொகை’ என்று பார்த்ததுமே மனம் பாடத்துக்கு ஓடிவிடுகிறது, கையும் பாடத்தையே எழுதத் தொடங்கிவிடுகிறது. கேள்வி கேட்டதோ இந்த அட்டவணையை. அட்டவணையின் எண் ஒன்றுகூட இல்லாத விடை எவ்வளவு சரியான செய்தியைச் சொன்னாலும், திருத்துபவரால் அதற்கு முழு மதிப்பெண் போட முடியாது.

அடிக்கடி வரும் அட்டவணை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் மக்கள்தொகை, கோடியில். அடைப்புக்குள் பத்தாண்டு வளர்ச்சி வீதம்.

1961 – 43.92
1971 – 54.82 (24.80%)
1981 – 68.33 (24.66%)
1991 – 84.64 (23.87%)
2001 – 102.87 (21.54%)
2011 – 121.02 (17.64%)

முதல் அரை நிமிடம் பேனாவைத் தொடாதே. தலைப்பு, ஆண்டுகள், அலகு, அடிக்குறிப்பு, இந்த நான்கையும் படி. கோடியா, மில்லியனா, ஆயிரத்திலா? ஒரு கோடி என்பது 10 மில்லியன். இதைக் கவனிக்காமல் விட்டால் விடை பத்து மடங்கு பிசகும். அடுத்து, அடைப்புக்குள் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்று பார். 1971-க்கு நேரே உள்ள 24.80 அந்த ஓர் ஆண்டின் வளர்ச்சி அல்ல, 1961 முதல் 1971 வரையிலான பத்தாண்டுக்கானது. ‘1971இல் மக்கள்தொகை 24.80% வளர்ந்தது’ என்று எழுதுபவர்கள் ஏராளம். ‘1961–71 பத்தாண்டில்’ என்று எழுது.

இப்போது இரண்டு கேள்விகள். எந்தப் பத்தாண்டில் வளர்ச்சி வீதம் மிக அதிகம்? எந்தப் பத்தாண்டில் மிக அதிகமான மக்கள் கூடினார்கள்? அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒரே கேள்விபோலத் தெரியும். முதல் கேள்விக்கு விடை அட்டவணையிலேயே இருக்கிறது: 1961–71, 24.80%. இரண்டாவதன் விடை அதில் அச்சிடப்படவில்லை, கழித்துத்தான் எடுக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் வரிசையாக 10.90, 13.51, 16.31, 18.23, 18.15 கோடி. ஆக, மிக அதிகமாகக் கூடியது 1991–2001இல்.

இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். 1971க்குப் பிறகு வீதம் இறங்கிக்கொண்டே வருகிறது. கூடும் மக்களின் எண்ணிக்கையோ 2001 வரை ஏறிக்கொண்டே போகிறது. இது முரண் இல்லை. அடித்தளம் பெரிதாகிவிட்டதால், குறைந்த வீதமும் அதிகம் பேரைக் கொண்டுவருகிறது. 54.82 கோடியில் 24.66% என்பது 13.5 கோடி, 84.64 கோடியில் 21.54% என்பதோ 18.2 கோடி. 2001–11இல்தான் வீதத்தோடு எண்ணிக்கையும் இறங்கியது. ‘வளர்ச்சி வீதம் குறைந்தது, எனவே மக்கள்தொகை குறைந்தது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்குமேல் எழுதியதெல்லாம் வீண். வீதம் குறைவது வேறு, தொகை குறைவது வேறு. தொகை குறைய வேண்டுமானால் வீதத்துக்கு முன் கழித்தல் குறி இருக்க வேண்டும்.

அப்படிக் கழித்தல் குறி வந்தது ஒரே ஒரு முறை. 1911இல் 25.21 கோடியாக இருந்தது 1921இல் 25.13 கோடியானது. புத்தகத்தில் −0.31% என்றிருக்கும். இந்த இரண்டு எண்களை வைத்து நீ கணக்குப் போட்டால் −0.32 வரும். பயந்து அடித்துவிடாதே. கோடியாகச் சுருக்கும்போது தசமங்கள் வெட்டப்பட்டதால் வந்த வேறுபாடு அது. முழு எண்களைக் கொண்டு போட்டால் −0.31 வந்துவிடும். வழிமுறையைக் காட்டியிருந்தால் இந்தச் சிறு வேறுபாட்டுக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப் போவதில்லை.

‘போக்கை விவரி’ என்று வந்தால் மூன்று செய்திகள் வேண்டும்: பொதுப்போக்கு, அதற்குச் சான்றாக இரண்டு எண்கள், போக்கிலிருந்து விலகி நிற்கும் இடம். இப்படி எழுதலாம்: ‘1961 முதல் 2011 வரை மக்கள்தொகை தொடர்ந்து உயர்ந்து, 43.92 கோடியிலிருந்து 121.02 கோடியானது. வளர்ச்சி வீதம் 24.80 சதவீதத்திலிருந்து 17.64 சதவீதமாகக் குறைந்தது. முதல் மூன்று பத்தாண்டுகளில் சிறிதளவே குறைந்த வீதம், 1991க்குப் பிறகு வேகமாகக் குறைந்தது.’ மூன்றே வரிகள், அவ்வளவு போதும். ஆறு ஆண்டுகளின் எண்களையும் வரிசையாக எடுத்து எழுதினால் அது அட்டவணையை நகலெடுத்ததாகத்தான் ஆகும்.

கேள்வியில் எந்த வினைச்சொல் இருக்கிறது என்பதில் கண்ணாக இரு. ‘விவரி’ என்றால் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும். ‘காரணம் கூறு’ என்றால்தான் பாடத்துக்குப் போக வேண்டும். 1921இல் குறைந்ததற்குக் காரணம் கேட்டால், 1918இல் பரவி இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற இன்ஃபுளுவென்சாவை எழுது. அட்டவணையில் அது எங்கும் இல்லை, உன் படிப்பிலிருந்து வர வேண்டியது. ‘விவரி’ என்ற கேள்விக்கு அதையே ஒரு பத்தி எழுதினால், நேரம் போகும், மதிப்பெண் வராது.

இனிக் கணக்கு. கால்குலேட்டர் கிடையாது என்பதால் வகுத்தலுக்கு முன் தோராயமாக ஒரு விடையை மனத்தில் வைத்துக்கொள். 2001–11க்கு வளர்ச்சி வீதம் கேட்டால், 102.87இல் 10% என்பது 10.29, அதன் இருமடங்கு 20.57. கூடியது 18.15. ஆகவே விடை இருபதுக்குச் சற்றுக் கீழே இருந்தாக வேண்டும். பிறகு 18.15-ஐ 102.87ஆல் வகுத்து 100ஆல் பெருக்கு, 17.64 வரும். 15.0 வந்தால் 121.02ஆல் வகுத்துவிட்டாய் என்று பொருள். வகுக்க வேண்டியது எப்போதும் பழைய ஆண்டின் எண்ணால். இந்தக் கணக்கில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சூத்திரம், எண்களை இட்ட வரி, விடை, அலகு என்று நான்கு வரியாக எழுது. விடை பிசகினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு இருக்கும்.

ஆண்டு வளர்ச்சி வீதம் கேட்டால் 17.64-ஐப் பத்தால் வகுத்து 1.76 என்று எழுதிவிடாதே. கூட்டு வட்டிபோல ஒவ்வோர் ஆண்டும் அடித்தளம் வளர்வதால், புத்தகத்தில் 1.64 என்றுதான் இருக்கும். இன்னொன்று, 2011க்குத் தற்காலிக எண்ணும் உண்டு, இறுதி எண்ணும் உண்டு. நான் மேலே கொடுத்திருப்பது தற்காலிக எண். இறுதி எண்ணின்படி 121.09 கோடி, 17.7%. நீ படித்த எண் ஒன்றாகவும் வினாத்தாளில் உள்ள எண் வேறாகவும் இருந்தால், வினாத்தாளில் இருப்பதையே எடுத்து எழுது. அதைத் திருத்துவது உன் வேலை இல்லை.

சதவீதத்தில் இன்னொரு குழி இருக்கிறது. இந்தியாவின் எழுத்தறிவு வீதம் 2001இல் 64.83%, 2011இல் தற்காலிக எண்ணின்படி 74.04%. இதை ‘9.21% உயர்ந்தது’ என்று எழுதக் கூடாது. உயர்ந்தது 9.21 சதவீதப் புள்ளிகள். சதவீதமாகச் சொன்னால் 14.2%. அந்த வீதமே ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டது. அதனால் மொத்த மக்கள்தொகையோடு பெருக்கி எழுத்தறிவு பெற்றவர்களின் எண்ணிக்கை என்று எழுதினால் தவறாகிவிடும். பாலின விகிதமும் சதவீதம் இல்லை. இந்தியாவில் அது 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. தமிழ்நாட்டின் 996-க்குப் பின்னால் % குறி போடுகிறவர்கள் உண்டு.

காலநிலை அட்டவணை வந்தால் எண்களைக் கூட்டத் தயங்காதே. பாடப்புத்தகத்தில் சென்னைக்கு ஆண்டு மழை 128.6 செ.மீ. அதில் அக்டோபர் 30.6, நவம்பர் 35.0, டிசம்பர் 13.9. மூன்றும் சேர்ந்து 79.5, அதாவது ஆண்டு மழையில் சுமார் 62%. ஜூன் முதல் செப்டம்பர் வரை 4.5, 8.7, 11.3, 11.9, மொத்தம் 36.4, சுமார் 28%. ‘சென்னைக்கு வடகிழக்குப் பருவமழையால் அதிக மழை கிடைக்கிறது’ என்று எல்லோரும் எழுதுவார்கள். ‘ஆண்டு மழையில் 62% அக்டோபர்–டிசம்பரில் பெய்கிறது’ என்று எழுதியவளின் தாள்தான் தனியாகத் தெரியும். காரணம் கேட்டால் மட்டும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதையும், பிறகு வங்கக் கடலைக் கடந்து வரும் காற்றும் அங்கே உருவாகும் புயல்களும் மழை தருவதையும் சேர்த்துக்கொள்.

சென்னையின் வெப்பநிலை மே மாதம் 33.0°செ, ஜனவரி 24.5°செ. ஆண்டு வெப்ப வேறுபாடு 8.5°செ. டெல்லிக்கு அதே கணக்கு 33.3-இலிருந்து 14.4 போக 18.9°செ. ‘ஒப்பிடு’ என்ற கேள்வியில் இரண்டு ஊரும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்: ‘டெல்லியின் ஆண்டு வெப்ப வேறுபாடு சென்னையைவிட இரு மடங்குக்கும் மேல்.’ சென்னைக்கு ஒரு பத்தி, டெல்லிக்கு ஒரு பத்தி என்று பிரித்தால் ஒப்பிட்டதாக ஆகாது.

வரைபடம் வரையச் சொன்னால் மழைக்குப் பட்டை, வெப்பநிலைக்குக் கோடு. இரண்டுக்கும் அளவுத்திட்டம் தனித்தனி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தொடங்குமுன் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அளவுத்திட்டத்தை முடிவு செய். இங்கே மழைக்கு 35.0 என்பதால் 0 முதல் 40 வரை போதும். பட்டைகள் சுழியத்திலிருந்துதான் எழ வேண்டும். வட்ட விளக்கப்படத்தில் 1% என்பது 3.6 பாகை, மொத்தம் 360 வருகிறதா என்று கூட்டிப் பார்த்துவிட்டு வெட்டு.

இதைப் படித்ததும் ஒரு கணக்கைப் போட்டு அனுப்பு. 1931–41இல் வளர்ச்சி வீதம் 14.22%. 1941இல் மக்கள்தொகை 31.87 கோடி, 1951இல் 36.11 கோடி. 1941–51 பத்தாண்டின் வீதத்தைக் கண்டுபிடித்து, முந்தையதோடு ஒப்பிட்டு ஒரு வரியும், 1943இல் வங்காளத்தில் வந்த பஞ்சத்தை நினைவில் கொண்டு காரணமாக ஒரு வரியும் எழுது. உனக்கு 13.3-ஐ ஒட்டி வர வேண்டும். 11.7 வந்திருந்தால், எந்த எண்ணால் வகுத்தாய் என்று பார்.

அன்புடன்,
அண்ணன்