“சும்மாதான் இருக்கா”

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இரண்டு நாளாக மனதிலேயே கிடக்கிறது. கோடிங் பாடமெல்லாம் நன்றாகப் போகிறது, ‘மனிதச் சூழலும் அறமும்’ என்று ஒன்றைக் கட்டாயம் எடுத்தாக வேண்டுமாம், வாசி வாசி என்று பக்கம் பக்கமாகக் கொடுக்கிறார்கள், கட்டுரை வேறு எழுத வேண்டும் என்று சலித்துக்கொண்டாய். “கதை படிக்கிற பாடம்மா, வேலைக்குப் போனா இதை யார் கேக்கப் போறா” என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பி.ஏ. விஷயம். பெரிய மாமா இன்னும் விட்டபாடில்லை. போன மாதம் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சு அமெரிக்காவுக்கு அனுப்பி, பிள்ளை பி.ஏ.தான் படிக்காளா? பி.ஏ. திருநெல்வேலியில இல்லையா?” அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் போகிற இடம் பி.ஏ. என்று நம் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. நான் பி.ஏ. வரலாறு படித்து, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு சமூக அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். எனக்கே உன் அட்மிஷன் கடிதத்தில் ‘டேட்டா சயின்ஸ்’ (தரவுகளை அலசிப் பார்க்கிற படிப்பு) என்பதன் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் திக்கென்றது. பி.டெக். என்று மாற்ற முடியாதா என்று உன்னிடம் கேட்டேன். அது நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. என் படிப்பையே நான் குறைவாக நினைத்திருந்தேன் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது.

மாமாவிடம் எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். கலிபோர்னியாவில் நீ படிக்கிற பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2015இல் ‘டேட்டா 8’ என்று ஒரு வகுப்பை ஆரம்பித்தார்கள், கோடிங்கே தெரியாதவரும் அதில் சேரலாம், வரலாறு படிக்கிற பிள்ளையும் உயிரியல் படிக்கிற பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். 2018இல் டேட்டா சயின்ஸையே பி.ஏ. பட்டமாகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டத்துக்குக் கணக்கும் புள்ளியியலும் கம்ப்யூட்டரும் மட்டும் போதாது, மொழியியலோ சுற்றுச்சூழலோ சமூக ஏற்றத்தாழ்வோ ஏதாவது ஒரு துறையைக் கூடவே எடுத்துப் படிக்க வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

முதல் வருஷம் அந்த டேட்டா 8 பாடப்புத்தகத்தின் லிங்க்கை எனக்கு அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? இலவசமாகத்தானே இருக்கிறது, சும்மா பாரும்மா என்றாய். ரிட்டயர் ஆன பிறகு மத்தியானம் நேரம் கிடைக்கிறது, கோடிங் வரிகளைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். அதில் ராபர்ட் ஸ்வெய்ன் வழக்கு வரும் இடத்தில் நின்றுவிட்டேன். அலபாமாவில் டல்லடீகா என்ற கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) அந்தக் கறுப்பின இளைஞருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அங்கே குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது ஊர்மக்களிலிருந்து எடுத்த ஒரு குழு, அதுதான் ஜூரி. அந்த ஊரில் ஜூரியாக இருக்கத் தகுதியுள்ள ஆண்களில் 26 சதவீதம் கறுப்பினத்தவர். ஜூரியைத் தேர்ந்தெடுக்கக் கூப்பிட்ட 100 பேரில் கறுப்பினத்தவர் 8 பேர். கடைசியில் ஜூரியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இவ்வளவு வித்தியாசத்தை மட்டும் வைத்து வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது என்று 1965இல் தீர்ப்பு வந்தது.

உங்கள் புத்தகம் அங்கே ஒரு காரியம் செய்கிறது. நூற்றுக்கு 26 என்ற கணக்கில் சீட்டுப் போட்டுக் குலுக்கி 100 சீட்டு எடுத்தால் எத்தனை வரும்? கம்ப்யூட்டரில் அதை 10,000 தடவை செய்து பார்க்கிறது. ஏறக்குறைய எல்லாமே 15க்கும் 40க்கும் நடுவில் போய் விழுகின்றன. 8 எங்கேயோ தனியாக நிற்கிறது. அதை வரைந்து காட்டிய படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷம் அநீதியைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி அளந்து காட்டியதில்லை. உன் படிப்பின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்தக் கணக்கு அதோடு நின்றுவிடுகிறது, பாப்பா. இது தற்செயலாக நடந்திருக்காது என்கிறது. அப்படியென்றால் எப்படி நடந்தது? அதற்குத் தீர்ப்பைத்தான் எடுத்து வாசிக்க வேண்டும். ஜூரிப் பட்டியலைத் தயாரித்த கமிஷனர்கள் பெயர்களை எங்கிருந்தெல்லாம் எடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. நகர டைரக்டரி, பதிவுப் பட்டியல்கள், கிளப் பட்டியல், சர்ச் பட்டியல், அவர்களுக்குப் பழக்கமான ஆட்கள். யார் எந்த கிளப்பில் இருந்தார்கள், கமிஷனருக்கு யாரைத் தெரியும், யாரைத் தெரியாது? அந்த 8 அங்கேதான் உருவானது. அதைச் சொல்லித் தருவது நீ கதை என்கிறாயே, அந்தப் பாடம்தான்.

இதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நானும் போனேன். பிப்ரவரி 9 முதல் 28 வரை. அப்போது நாம் ஆலங்குளத்தில் குடியிருந்தோம், உனக்கு ஐந்து வயது. அப்பா குவைத்தில் இருந்தார். ஸ்கூல் விட்டதும் உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பையில் படிவங்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். எனக்குக் கொடுத்திருந்தது நூற்றுச் சொச்சம் வீடு.

ஒரு சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அந்த வீட்டு அக்கா மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச்சாக்கில் சுருட்டி வைத்த இலை. தகட்டை இலை மேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவதும், தூளைப் போட்டு உருட்டுவதும், நுனியை மடக்கி நூலைச் சுற்றுவதும் ஒரே ஓட்டமாக நடந்தன. அவர் கண் அங்கே இல்லவே இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டே செய்தார். வெட்டிப்போட்ட இலைத் துணுக்குகளை நீ பொறுக்கி எடுத்து விளையாடினாய்.

பதில் சொன்னது அவர் மாமியார். மகன் பெயர், வயது, படிப்பு, வேலை எல்லாம் சொன்னார். மருமகளுக்கு வந்ததும், “கடந்த ஒரு வருஷத்துல இவங்க ஏதாவது வேலை பாத்தாங்களா?” என்று கேட்டேன். “அவளா? அவ சும்மாதான் இருக்கா” என்றார் மாமியார். நான் வேலை இல்லை என்று எழுதி, வீட்டுப் பணி என்பதற்கான எண்ணைப் போட்டேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தக் கை சுற்றிக்கொண்டிருக்கிறது, நான் எழுதுகிறேன்.

பெண்கள் விஷயத்தில் துருவிக் கேட்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையை விட்டுவிடக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டுத் தொழில் என்று தனி வகையே அந்தப் படிவத்தில் இருந்தது. ஆகவே படிவத்தின் மேல் பழி போட முடியாது. இருட்டுகிறது, இன்னும் நாலு வீடு இருக்கிறது, உனக்குப் பசி. மாமியார் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அந்த அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், “தண்ணி குடிங்க டீச்சர்” என்று செம்பை நீட்டினார். விரலெல்லாம் புகையிலை வாசம்.

அன்றைக்கு ராத்திரி படிவங்களைச் சரிபார்க்கும்போது அந்த வரியில் வந்து நின்றேன். மறுநாள் போய்க் கேட்டுத் திருத்தியிருக்கலாம், நேரமும் இருந்தது. நான் போகவில்லை. ஒரு ஆள்தானே என்று விட்டுவிட்டேன். அதே தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் அப்படி எழுதினேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு வரவில்லை.

நாளைக்கு யாரோ ஒருவர், ஒருவேளை நீயே, அந்த வட்டாரத்தில் வேலை செய்யும் பெண்கள் எவ்வளவு சதவீதம் என்று ஒரு படம் போடுவாய். கோடிங் சரியாக இருக்கும், படமும் அழகாக இருக்கும். அந்தத் திண்ணை அதில் இருக்காது. எந்தக் கட்டத்தை யார், எந்த நேரத்தில், யாரிடம் கேட்டு நிரப்பினார்கள் என்று யோசிக்கிற பழக்கம் ஒருத்திக்கு இருந்தால், அவள் அந்தச் சதவீதத்தைப் பார்த்ததும் நிறுத்தி, நம் பக்கத்துப் பீடி ஊர்களில் இது இவ்வளவு குறைவாக இருக்குமா என்று கேட்பாள். எனக்கு நீ அந்த ஒருத்தியாக இருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு வந்தாலும் சரி. கடனை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற அளவுக்கு நம்மிடம் வசதி இல்லை, அது உனக்கே தெரியும். வேலைக்குப் போகத்தான் வேண்டும். போகிற இடத்துக்கு இந்தக் கேள்வியையும் கூட எடுத்துக்கொண்டு போ.

அந்த வாசிப்புகளை உன் பழைய டீச்சர் ஒருத்தி கொடுத்தது என்று நினைத்து வாசி. கட்டுரை எழுதியதும் எனக்கு அனுப்பு. இங்கிலீஷ்தான், அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துவிடுவேன்.

போன வாரம் ஆலங்குளம் போயிருந்தேன். அந்த அக்காவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். மாமியார் இறந்துவிட்டார். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, “கூட ஒரு சின்னப் பிள்ளை வருமே” என்று உன்னைத்தான் கேட்டார். 2011இல் கேட்க வேண்டியதை இப்போது கேட்டேன். பதினொரு வயதில் ஆரம்பித்தாராம். கல்யாணத்துக்கு முன் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி, பிள்ளைகள் பிறந்த பிறகு எழுநூறு எண்ணூறு, இப்போது கண் மங்கிவிட்டதால் ஐநூறு தாண்டுவதில்லை. மூத்த மகளின் நர்சிங் ஃபீஸ் முழுக்க இந்தக் காசுதான் என்றார். அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் வருகிறது, யாராவது வந்து கேட்டால் இதையெல்லாம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள் என்றேன். “சொல்லலாமா டீச்சர்?” என்று கேட்டார்.

அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் போடுகிறேன், எழுத்து புரியாவிட்டால் கேள்.

அங்கே குளிர் குறைந்துவிட்டதா? பருப்புப் பொடி தீர்ந்திருக்கும். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன் சான் ஹோசேக்குத் திரும்பிப் போகிறான், கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா