மொட்டை இப்போது வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

உன் லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று பழனி முருகனுக்கு உனக்கு மொட்டை வேண்டியிருக்கிறாள். லீவுக்கு வரும்போதே போட்டுவிட்டால் கையோடு காரியம் முடியும் என்பது அவள் கணக்கு. அவள் கேட்டால் சரி என்று தலையாட்டிவிடாதே. மொட்டை இப்போது வேண்டாம்.

ஜெர்மனியில் குடித்துவிட்டு ஓட்டியதற்கு லைசென்ஸைப் பிடுங்கியவர்கள் கொடுத்தது என்று நீ அனுப்பிய தாள்களை உன் மாமா மகள், ஜெர்மன் படிக்கிறாளே சின்னவள், வரிவரியாகத் தமிழில் சொன்னாள். ஒரு வருடம் நீ குடிக்கவில்லை என்பதற்கு உன் தலைமுடிதான் சாட்சியாம். குடித்தது உடம்பில் கரையும்போது எத்தில் குளுக்குரோனைடு என்று ஒன்று உண்டாகி முடியில் போய்த் தங்கிவிடும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். தோலை ஒட்டி மூன்று சென்டிமீட்டர் வெட்டிப் பார்த்தால் கடைசி மூன்று மாதக் கதை வெளியே வந்துவிடும். அப்படி வருடத்துக்கு நான்கு முறை கொடுக்க வேண்டும். டை அடித்த முடியை ஏற்கமாட்டார்கள், எனவே காதோரம் நரைத்தால் நரைத்துவிட்டுப் போகட்டும். முடி வெட்டப் போனாலும் ஒட்ட வெட்டச் சொல்லாதே. முருகனுக்கு ஒன்றும் அவசரமில்லை, ஒரு வருடம் பொறுத்துக்கொள்வார்.

அடுத்தது பார்சல். போன வாரம் அம்மா கட்டிவைத்ததைப் பிரித்துப் பார்த்தேன். தட்டுவடை, மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, அதற்கடியில் பழைய துண்டில் சுற்றி இரண்டு புட்டி தசமூலாரிஷ்டம். அந்த ஊர்க் குளிருக்கு உனக்குச் சளி பிடிக்குமாம். எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். அரிஷ்டம் என்பதே புளிக்கவைத்துச் செய்வதுதான். பீரில் இருக்கிற அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் மேலே, ஆல்கஹால் அதில் தானாகவே உண்டாகிறது. லேபிளிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இருமல் மருந்து வாங்கினாலும் பார்த்து வாங்கு. ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்கிறார்களே, அதிலும் அரை சதவீதம் வரை இருக்கலாம், அதையும் தொடாதே. கிறிஸ்துமஸுக்கு ஆபீஸில் கொடுக்கும் சாக்லேட்டுக்குள் பிராந்தி இருக்கும் என்று நீதானே ஒருமுறை சொன்னாய்.

சரி, இதெல்லாம் சில்லறை. இனிமேல்தான் விஷயம்.

அன்றைக்கு என்னிடம் சொன்னபோது நீ திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "அப்பா, நான் நிதானமாகத்தான் ஓட்டினேன். யார் மேலேயும் இடிக்கவில்லை. சும்மா நிறுத்தி ஊதச் சொன்னார்கள்." நானும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாள்களைக் கேட்ட பிறகு சொல்கிறேன். உன் ரத்தத்தில் இருந்தது 1.6 புரோமில்லுக்கு மேல், அதாவது ஆயிரம் பங்கு ரத்தத்துக்கு 1.6 பங்குக்கும் மேல் ஆல்கஹால். அங்கே சாதாரணமாக அனுமதிக்கும் அளவு 0.5. நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், உங்கள் கணக்கில் சொன்னால் சுமார் 0.3. நீ இருந்த அளவு நம்மூர்ச் சட்டத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். பழக்கமில்லாதவன் அவ்வளவு குடித்தால் கார் கதவின் பிடியைக்கூடத் தேடித் தடவிக்கொண்டு நிற்பான், அல்லது வாந்தியெடுத்துப் படுத்துவிடுவான். நீ நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்தாய் என்பதுதான் அவர்களுக்குச் சந்தேகம். இந்த உடம்பு நெடுநாளாய்ப் பழகியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். 1.6 தாண்டினால் எம்.பி.யு. என்கிற இந்த உடல், மனப் பரிசோதனை என்று கோடு போட்டதும் அதனால்தான்.

இது எனக்குப் புதிதில்லை. லீ பஜாரில் லோடு ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கு லாரி ஓட்டிய காலத்தில் "எவ்வளவு போட்டாலும் எனக்கு ஸ்டியரிங் ஆடாது" என்று மார்தட்டாத ஷெட் கிடையாது. அப்படிச் சொன்னவர்களில் பலர் நல்ல டிரைவர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். ராத்திரி போட்டுவிட்டு விடியற்காலையில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்து, மோர் குடித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். எதுவும் வேலைக்கு ஆகாது. உடம்பு மணிக்கு ஏறக்குறைய 0.1 முதல் 0.15 வரைதான் இறக்கும். நடுராத்திரியில் 1.6 இருந்தவனுக்குக் காலை எட்டு மணிக்கும் 0.4-லிருந்து 0.8 வரை மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் அவன் முதல் கொண்டை ஊசி வளைவில் இருப்பான்.

இங்கே பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கோர்ட்டில் தீர்ப்பானால் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை. பெரும்பாலும் அபராதத்தைக் கட்டிவிட்டு, தடை முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நீ எதற்காகக் குடிக்கிறாய் என்று இங்கே கேட்க ஆளில்லை. அங்கே தடைக்காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாக வராது, புதிதாக மனுப் போட வேண்டும், அந்த எம்.பி.யு. பரிசோதனையில் தேறவும் வேண்டும். டாக்டர் பார்ப்பார், கம்ப்யூட்டரில் கை கண் வேகம் பார்ப்பார்கள், கடைசியில் ஒரு மனவியல் நிபுணர் உன் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவார். எனக்கு அந்தக் கடைசி ஏற்பாடு பிடித்திருக்கிறது. நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை.

அதற்குத் தயார் பதில்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன என்று சொன்னாயே, அதை மனப்பாடம் செய்யாதே. தினமும் அதே பொய்யைக் கேட்கிற மனிதருக்கு உன் பொய் மட்டும் தெரியாமல் போகுமா? எப்போதிலிருந்து, எவ்வளவு, யாரோடு, தனியாகவா, எதற்கு என்றுதான் கேட்பார். தனியாக என்றால் தனியாக என்று சொல். ஒரு வருடத்தை எண்ணிக் கழித்தால் போதும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும் 20 வளைவிலும் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறவனுக்கு டிரம் சூடேறி, கீழே வரும்போது மிதித்தாலும் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது எனக்கு அப்படித்தான் படுகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடிப்பதற்குப் பதிலாக என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு உன்னிடம் பதில் இல்லையே.

உன் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜி சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை எல்லாம் மூடினார்கள், அந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியே வந்தது. அப்போதும் மாவட்ட எல்லையைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வந்தவர்கள் உண்டு என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். இன்றைக்கு அதே ஊரில் அரசாங்கமே விற்கிறது. அந்தக் கதையை விடு.

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. நீ தினமும் குடித்துக்கொண்டிருந்திருந்தால், நிறுத்தியதும் கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பே வரும். அப்படி ஏதாவது தெரிந்தால் வீட்டுக்குள் தாங்கிக்கொண்டு கிடக்காதே, உடனே டாக்டரிடம் போ. டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதே. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டம் உங்கள் ஊரில் இங்கிலீஷிலும் நடக்கிறதா என்று விசாரி. வெட்கப்பட ஒன்றுமில்லை. என் ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் டாக்டர் முன்னால் நின்று படிவம் 1-ஏ மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு வந்தவன்தானே நானும். வண்டி ஓட்டுகிறவனைச் சோதித்துத்தான் பார்ப்பார்கள்.

இப்போது அம்மா விஷயம். வேகமாக ஓட்டியதற்காக லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். வேகமாக ஓட்டினவனுக்கு ஏன் அரிஷ்டம் ஆகாது, ஏன் மொட்டை ஆகாது என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்ல? இந்தத் தடவை புட்டியை ஒளித்தேன். அடுத்த பார்சலில் வேறு எதையாவது வைப்பாள். அதைவிட முக்கியம், வீட்டில் யாருக்குத் தெரியும் என்று அந்த நிபுணர் கேட்டால் "அப்பாவுக்கு மட்டும்" என்பாயா? பெற்றவளிடமே சொல்ல முடியாததை, முன்பின் தெரியாதவரிடம் ஒரு மணி நேரத்தில் எப்படிச் சொல்வாய்? முதலில் இங்கே சொல்லிப் பழகு. அழுவாள், இரண்டு நாள் என்னிடமும் பேசமாட்டாள், அப்புறம் உனக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியாதா.

நான் சொல்லமாட்டேன், நீதான் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நேராக அவளிடமே போனைக் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போய்விடுவேன்.

அன்புடன்,
அப்பா