சோஃபி போகட்டும்

புளியங்குடி,
பங்குனி 25

அன்புள்ள சுப்பு,

ஏலே, உன் செய்தி வந்து நாலு நாளாகிறது. போனில் பதில் தட்ட உட்கார்ந்தேன். ரெண்டு வரிக்குள் கட்டைவிரல் மரத்துப்போனது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியவில்லை என்று பழைய பாட்டைப் பாடாதே. நம்ம கணக்கு வாத்தியாருக்கே புரிந்த கையெழுத்து இது.

இங்கே எல்லாரும் சுகம். என் முட்டி மட்டும் சுகமில்லை. மூக்கன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், உனக்கும் பத்திரிகை வரும். நீ வராவிட்டால் வருத்தப்பட மாட்டான், மொய் வராவிட்டால் படுவான். சைக்கிள் விஷயத்தை அவன் இன்னும் மறக்கவில்லை. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி. விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கேட்டது ஒரே வரி. "மாப்ளே, ரெண்டு தொட்டி எலுமிச்சை வாங்கியிருக்கேன், இன்னைக்கு வெயில் பளீர்னு அடிக்குது, வெளியே தூக்கி வைக்கலாமா? நீதான் எலுமிச்சை ஊர்க்காரனாச்சே."

வைக்காதே. கையை எடு. கதவைச் சாத்து.

இதே கேள்வியைப் போன வருஷம் கேட்டிருந்தால், "தாராளமா வைல, எலுமிச்சைக்கு வெயில் கசக்குமா" என்றுதான் சொல்லியிருப்பேன். அப்பாவின் தோப்பில் வட்டப்பாத்தி வெட்டி வளர்ந்தவன், முள் கிழித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது என்கிற திமிர்தான். அந்தத் திமிரோடுதான் போன ஏப்ரலில் மகள் வீட்டுக்கு, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இவளுக்குப் பாதி தெரியும். மகளுக்குக் கால்வாசி. உனக்கு முழுசும் சொல்கிறேன், வெளியே விடாதே.

மகள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு எலுமிச்சை. தொட்டியோடு சேர்த்தால் என் நெஞ்சு உயரம். அக்டோபரில் உள்ளே வந்தது, ஆறு மாதமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. இலை ஒவ்வொன்றும் பெரிசாக, மெத்தென்று, ஒரு வெளிறிய பச்சை. பார்த்ததும் பாவமாக இருந்தது. "அப்பா, அதைத் தொடாதீங்க, மே பாதிக்கு அப்புறம்தான் வெளியே" என்று மகள் முதல் நாளே சொன்னாள். அவள் பிறந்த வருஷம் நான் நட்ட கன்று இன்னும் காய்க்கிறது, அவள் எனக்கு எலுமிச்சைப் பாடம் நடத்துகிறாள்!

அவளும் மாப்பிள்ளையும் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வெளியூர் போனார்கள். அன்றைக்குப் பார்த்து வானம் துடைத்து வைத்த மாதிரி. மத்தியானம் 18 டிகிரி. பால்கனிக் கதவைத் திறந்தேன், தொட்டியை இழுத்தேன், நடு வெயிலில் வைத்தேன், ஒரு வாளித் தண்ணீரும் விட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு, ஊரில் தோப்புக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் உள்ளே வந்தேன். ரசம், செல்போன், தூக்கம். மரத்தை மறந்தே போனேன்.

காலையில் பால்கனிக் கம்பியில் உப்புத் தூவினாற்போல வெள்ளை. உறைபனி. இலைகள் கண்ணாடி மாதிரி விறைத்து நின்றன. சரி, வெயில் வந்தால் தெளிந்துவிடும் என்று அங்கேயே விட்டேன் பார், அதுதான் ரெண்டாவது பாவம். மறுநாள் மேல் இலைகளில் சுண்ணாம்பு தடவின மாதிரி திட்டுத் திட்டாக வெளுப்பு. தொட்டால் காகிதம். மரம் துவண்டு தெரிந்தது. வாடினால் தண்ணீர் விடு என்பதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம்? இன்னொரு வாளி விட்டேன். அப்புறம் கொட்ட ஆரம்பித்தது. பொலபொலவென்று, காற்றுகூட இல்லாமல். கூட்டி அள்ளும்போது எண்ணினேன், 61 இலை. ஒரு காகிதப் பையில் போட்டுக் கீழே குப்பைத் தொட்டியில், மற்ற குப்பைக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். திருட்டு மாங்காய் தின்ற கொட்டையை ஒளித்து வைப்போமே, அந்த மாதிரி. வயது 56.

மகள் வந்து பார்த்தாள். "ஒரு மணி நேரம்தாம்மா வெளியே வச்சேன்" என்றேன். அந்தப் பொய் இன்னும் அப்படியே இருக்கிறது.

என்ன நடந்தது என்று பின்னால் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குள் துளிர்த்த இலை நிழல் இலை. மெலிசு. ஜன்னலோரம் வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று நம் கண் சொல்லும், நம்பாதே. மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. அந்த இலையை நேரே வெயிலில் நிறுத்துவது, ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவனைச் சித்திரை வெயிலில் தேர் இழுக்கச் சொல்வது மாதிரி. வெளுத்த திட்டு திரும்பப் பச்சையாகவே ஆகாது. புது இலை வந்தால்தான் உண்டு.

இது பாதிக் கதை. மீதி வேரில். மண் 13 டிகிரிக்குக் கீழே போனால் எலுமிச்சை வேர் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். மேலே வெயிலில் இலை தண்ணீர் கேட்கிறது, கீழே வேர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஈர மண்ணில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் வாடுகிறது. வேறு வழியில்லாமல் இலையை உதிர்க்கிறது. நான் குளிர்ந்த தண்ணீரை வாளி வாளியாக விட்டு அந்த வேரை இன்னும் அமுக்கியிருக்கிறேன். இது எனக்கு எப்படித் தெரியும் சொல்லு? நம்ம ஊர் மண் மார்கழியிலும் அந்தக் குளிரைப் பார்த்ததில்லையே. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது, தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது.

இந்தக் கூத்தையெல்லாம் எதிர் பால்கனியில் இருந்து ஒரு பாட்டி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மகளிடம் ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கவில்லை, நல்ல மனுஷி. ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, விரலை மடக்கி மடக்கி ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது கடைசி வார்த்தை மட்டும்: சோஃபி. மகளிடம் கேட்டால், அது அங்கே பஞ்சாங்கம் மாதிரி. மே 12, 13, 14 மூன்று நாளும் மூன்று புனிதர்களின் நாள்: பங்க்ராசியுஸ், செர்வாசியுஸ், போனிஃபாசியுஸ். 15 குளிர் சோஃபி. பனிப் புனிதர்கள் என்று இவர்களுக்குப் பேர். இவர்கள் போகிற வரை குளிர் திரும்பி வந்து ஒரு கடி கடிக்கும், குளிர் தாங்காத எதையும் வெளியே வைக்காதே என்பது அந்த ஊர்க் கிழவிகளின் கணக்கு. யோசித்துப் பார், அதே நாலு நாளில் நாம் இங்கே அக்கினி நட்சத்திரத்தில் நுங்கைத் தேடி அலைகிறோம். உங்கள் கனடாப் பக்கத்தில் இதற்கு விக்டோரியா தினம் என்று கணக்கு வைத்திருக்கிறார்களாமே? மே 25க்கு முந்தைய திங்கள். ராணியோ புனிதரோ, யாரோ ஒருத்தரைக் கேட்டுக்கொண்டுதான் மரத்தை நகர்த்த வேண்டும்.

அதே ஏப்ரல் கடைசியில் பாரிஸ் பக்கம் வெர்சாய் அரண்மனைக்குக் கூட்டிப் போனார்கள். எல்லாரும் கண்ணாடி மாளிகையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் தோட்டத்துப் படிக்கட்டில் நின்று கீழே பார்க்கிறேன், அவ்வளவு பெரிய முற்றம், தொட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்றாள் மகள். 1684 முதல் 1686 வரை ராஜாவுக்காகக் கட்டினது, ஆரஞ்சு மரங்கள் குளிர்காலம் கழிக்க என்றே ஒரு மண்டபம். ஆயிரத்துக்கும் மேலே மரம், மரப்பெட்டிகளில். மே மாதப் பாதியில் வெளியே வரும், அக்டோபரில் திரும்ப உள்ளே போகும். ஆரஞ்சு, எலுமிச்சையோடு மாதுளையும் அரளியும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. நம்ம ஊரில் நாலுவழிச் சாலை நடுவே லாரிப் புகை குடித்துக்கொண்டு நிற்கிற அரளி, அங்கே ராஜ உபசாரத்தில்! எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நிற்கவும் செய்தது. அத்தனை தோட்டக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு மே பாதிவரை காத்திருக்கிறார்கள், நான் ஒரு பகல் வெயிலைப் பார்த்து இழுத்து விட்டிருக்கிறேன்.

இப்போது உன் தொட்டிக்கு வருகிறேன். பகல் வெயிலைப் பார்க்காதே, ராத்திரியைப் பார். தொடர்ந்து ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள் வந்தபிறகு ஆரம்பி. முதல் ரெண்டு மூன்று நாள் முழு நிழல், சுவரோரம், காற்று அடிக்காத இடம். அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்து ரெண்டு, இப்படி ஏற்றிக்கொண்டே போனால் பத்துப் பதினாலு நாளில் பழகிவிடும். நடுவில் ஒரு ராத்திரி குளிர்ந்தால் வெட்கப்படாமல் உள்ளே தூக்கு. தூக்க முடியாதென்றால் உருளை வைத்த பலகை ஒன்று இப்போதே வாங்கு, உன் இடுப்பு எனக்குத் தெரியாதா. வெளியே போகுமுன் இலையின் அடிப்பக்கத்தைப் பார். வீட்டுக்குள் இருந்த மரத்தில் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் இல்லாமல் இருக்காது, துடைத்துக் கழுவு. வெளியே போனபிறகு காற்றில் தொட்டி சீக்கிரம் காயும், மண்ணில் விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் விடு. என்னை மாதிரி வாளி விடாதே.

ரெண்டு தொட்டியையும் ஒன்றாக நினைக்காதே. நீ அனுப்பின படத்தில் ஒன்றில் மேயர் என்று சீட்டுக் கட்டியிருக்கிறதே, அது 1908இல் ஃபிராங்க் மேயர் என்பவர் சீனாவில் இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது, கொஞ்சம் குளிர் தாங்கும். இன்னொன்றில் லைம் என்று எழுதியிருக்கிறதே, அதுதான் நம்ம எலுமிச்சைக்குச் சொந்தக்காரன், அவன் குளிர் தாங்கவே மாட்டான். அவனைக் கடைசியில் வெளியே விடு, முதலில் உள்ளே எடு. மேயரில் ஊறுகாய் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதே. அது ஊறுகாய்க்கு ஆகாது.

மகளின் மரம் சாகவில்லை. ஜூனில் படம் அனுப்பினாள், "அப்பா, துளிர் விட்டிருக்கு!" பெரிசுபடுத்திப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது. வில்வம் மாதிரி மூன்று மூன்று இலை. நம்ம ஊர்க் கன்று விதையில் வந்தது, எங்கே துளிர்த்தாலும் எலுமிச்சைதான். அவர்களுடையது ஒட்டுக் கன்று. கீழே வேருக்காக வைத்த மரம் வேறு ஜாதி, அது தலைதூக்கினால் மேலே இருக்கிற எலுமிச்சையை விழுங்கிவிடும். "அடியோடு கிள்ளிப் போடும்மா" என்றேன். ஆசையாக வந்த துளிரைக் கிள்ளச் சொல்கிறேனே என்று அவளுக்குக் கோபம். மூன்று வாரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒட்டுக்கு ரெண்டு விரல் மேலே, காய்ந்த பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு மொட்டு, குண்டூசித் தலை அளவு. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, இன்னொரு விஷயம். இதைச் சொல்லத்தான் தாளை எடுத்தேனோ என்னவோ. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம், உன் அம்மாவும் எங்கள் வண்டியில்தான் வந்தார்கள். அவர்களுக்கு இந்த மாதக் கடைசியில் டிக்கெட் போட்டிருக்கிறாயாம். உனக்கு லீவு அப்போதுதான் என்பது புரிகிறது. ஆனால் ஜூனுக்கு மாற்ற முடியுமா பார். மூக்கை நுழைக்காதீங்க என்று இவள் சொல்கிறாள், நுழைக்கிறேன். 79 வயது, ஒருநாளும் சால்வை போர்த்தினதில்லை. வந்த முதல் மாதம் கதவுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டால், அப்புறம் நீ ஜூலையில் எந்த அருவிக்குக் கூட்டிப் போனாலும் "ஊருக்கு அனுப்பிருய்யா" என்பதுதான் பேச்சாக இருக்கும். மாற்றினால் சொல்லு, திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை நானே கொண்டு வந்து விடுகிறேன். முட்டி கிடக்கிறது.

அம்மா பயப்படுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் தினமும் காலையில் உங்கள் ஊரில் எத்தனை டிகிரி என்று போனில் பார்க்கச் சொல்கிறார்கள். கோயிலில் பொங்கலை இலையில் வாங்கிக்கொண்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார்கள், "ஏய்யா, இன்னைக்கு நமக்கு முப்பத்தெட்டாம், அங்கன நாலாம். மீதி முப்பத்தி நாலு எங்கய்யா போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நீயே போன் பண்ணிச் சொல்லு.

உன்
மாப்ளே