'கச்சான்' ஆல்பத்துக்குத் தோள் கொடுத்த கரைக்கு எங்கள் நன்றி

பாம்பன் தொடங்கி தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை கரை நெடுக இருக்கும் எங்கள் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், பெரியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஐந்து பேர் இசைக்குழுவின் ஆல்பம் 'கச்சான்' வெளிவந்துவிட்டது. கச்சான் என்றால் மேற்கிலிருந்து எங்கள் கரையில் வீசும் காற்று. ஒன்பது பாட்டு, முக்கால் மணி நேரம். ஆல்பத்தின் உறையில் பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டோம். "பேரெல்லாம் எதுக்குத் தம்பி" என்று பாதிப் பேர் மறுத்துவிட்டார்கள். பெயரைத்தானே வேண்டாம் என்றார்கள். அவர்கள் செய்ததைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் உங்கள் வாசலுக்கு வந்தது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. 8,000 ரூபாய் நிவாரணத்தையும் கைமாற்றுக் கடனையும் வைத்து வீடு நகரும் காலம் அது. வலை கட்டுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது என்று செலவு மட்டும் குறையாது. கையில் காசு இல்லாத அந்த நாட்களில்தான் நீங்கள் எங்களுக்கு இடம் கொடுத்தீர்கள், சோறு போட்டீர்கள், கரெண்ட் பில்லில் பங்கு கேட்காமல் இருந்தீர்கள். நல்ல மீன்பாடு கிடைக்கும் மாதத்தில் செய்யும் உதவி வேறு, இது வேறு. எங்கள் ஐந்து பேருக்கும் இது நன்றாகவே தெரியும்.

ஐஸ் கம்பெனியைத் திறந்துவிட்ட சம்மாட்டி (படகு முதலாளி) ஐயாவுக்கு நன்றி. சென்னையில் ஒரு நல்ல ஸ்டுடியோவை நாள் கணக்கில் வாடகைக்கு எடுக்க எங்களால் முடியாது. டிரம்ஸ் பதிவு செய்யப் பெரிய கூடம் வேண்டும், சத்தம் சுவரில் மோதித் திரும்ப வேண்டும். லெட் செப்ளின் என்ற ராக் குழுவினர் இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த கதை எங்கள் டிரம்மருக்கு மனப்பாடம். விசைப்படகுகள் கரையில் நின்றதால் ஐஸ் கம்பெனி ஓய்ந்து கிடந்தது. கம்ப்ரசர் ஓடாத அந்தக் கூடத்தில் நின்று அவர் ஒரு தடவை கை தட்டிப் பார்த்தார். அப்புறம் வேறு இடமே தேடவில்லை. ஐஸ் பாரை அடுக்கி வைக்கும் உள்ளறையோ இதற்கு நேர் எதிர். சுவரிலும் கதவிலும் கனத்த தெர்மாகோல். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. பாட்டும் கிடாரும் அங்கேதான் பதிவாயின. அக்னி நட்சத்திரத்தில், ஃபேன் போட்டால் மைக்கில் ஏறிவிடும் என்று ஃபேனும் இல்லாமல் பாடினோம். அந்த நேரங்களில் நுங்கும் பதநீரும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலேயே போன பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு.

கரெண்ட் வேலை பார்க்கும் அண்ணனைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கிடாரை ஆம்ப்பில் செருகியதுமே அடித்தொண்டையில் யாரோ முனகுவது போல ஓர் இரைச்சல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் அது. எர்த் சரியில்லை என்றால் பதிவு முழுக்க அது ஒட்டிக்கொள்ளும். வயரையெல்லாம் மாற்றிப் பார்த்தும் போகவில்லை. அண்ணன் வந்தார், எதையும் பிரிக்கவில்லை, நேரே பின்பக்கம் போய் எர்த் குழியைத் தோண்டினார். குழி காய்ந்து கிடந்தது. அடுப்புக்கரி ஓர் அடுக்கு, கல்லுப்பு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "இப்பப் போட்டுப் பாருங்க" என்றார். இரைச்சல் அடங்கியிருந்தது. கூலி கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. "பாட்டை முதல்ல எனக்குப் போட்டுக் காட்டுங்க, அது போதும்" என்றார். அவருக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினோம்.

உப்புக்காற்று கிடார் கம்பியை எப்படித் தின்னும் என்பது இந்தக் கரையில் வாசிப்பவர்களுக்குத் தெரியும். கம்பியையாவது தினம் துடைத்து வைக்கலாம். இரவல் வாங்கிய கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் பொரிவது போலச் சத்தம் வரும், அப்புறம் அது எதற்கும் ஆகாது. மருந்துக்கடை அண்ணன் மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்து, பை நிறையக் கொடுத்தார். அந்த மைக் கெடாமல் உரியவர் கைக்குத் திரும்பிப் போனதற்கு அவர்தான் காரணம். ரயில் விஷயத்தில் டீக்கடை மச்சானுக்கு நன்றி. 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரலில்தான் மறுபடி தீவுக்குள் வந்தது. எங்கள் ஊருக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம்! ஆனால் பதிவு நடக்கும்போது ஹாரன் அடித்தால் என்ன செய்வது? மச்சான் கடையிலிருந்தே போன் போட்டு, "வண்டி பாலத்துல ஏறிருச்சு" என்பார். நாங்கள் கருவியைக் கீழே வைத்துவிடுவோம்.

இனி அம்பா பாடிய பெரியவர். வலை இழுக்கும்போது பாடும் பாட்டுதான் அம்பா. கரையில் நின்று கரைவலை இழுப்பதில் வயதைக் கழித்தவர். ஐந்தாவது பாட்டுக்கு அவர் குரல் வேண்டும் என்று போய் நின்றோம். காதில் ஹெட்போனை மாட்டி, 'டிக் டிக்' என்ற தாளக் கணக்கை ஓடவிட்டோம். இரண்டு வரி பாடியதும் கழற்றி வைத்துவிட்டார். "கயிறு எங்கே இருக்கு? கனம் தெரியாம எப்படிப் பாடுறது?" என்று கேட்டார். கூடத்துத் தூணில் ஒரு வடத்தைக் கட்டி அவர் கையில் கொடுத்தோம். பிடித்து இழுத்துக்கொண்டே பாடினார். வலை தூரத்தில் இருக்கும்போது அம்பா நிதானமாகப் போகும், மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். அதை எந்த எண்ணிலும் அடைக்க முடியாது. டிரம்மர் கணக்கை அணைத்துவிட்டு, பெரியவரின் தோளையும் காலையும் பார்த்தே வாசித்தார். அந்தப் பாட்டு கடைசியில் ஏன் அப்படிப் பாய்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாயவைத்தவர் அவர். ஐயா, நீங்கள் கற்றுக்கொடுத்ததை நாங்கள் வைத்துக் காப்பாற்றுவோம்.

கடற்பாசி எடுக்கும் எங்கள் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் பாடகியின் அம்மாவும் அவர்களில் ஒருவர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கித் தென்கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதன் காவலும் கட்டுப்பாடும் ஒரு பக்கம், தலைமுறையாகச் செய்துவந்த பிழைப்பு மறுபக்கம் என்று அவர்கள் பட்ட பாட்டைத்தான் ஏழாவது பாட்டில் எழுதினோம். பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். நம்ம ஊர் அக்கா உலகத்துக்குத் தெரிந்துவிட்டார் என்ற பெருமைதான் அந்தப் பாட்டின் விதை. கோரஸ் பாட ஒரு கூட்டமே வந்தது. கடைசி வரியின் கடைசி எழுத்தை இழுத்துப் பிடிக்கச் சொன்னோம். எங்கள் பாடகிக்கு மூச்சு முடிந்தது, எங்களுக்கும் முடிந்தது. அவர்கள் குரல் மட்டும் நின்றபடியே இருந்தது. கடலுக்கடியில் பழகிய மூச்சு. அதில் ஒரு நொடியைக்கூட நாங்கள் வெட்டவில்லை.

மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும் செய்த மதுரை அண்ணனுக்கு நன்றி. இப்போது எல்லோரும் பாட்டை முடிந்த மட்டும் சத்தமாக்கித் தரச் சொல்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பாட்டிஃபை எப்படியும் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும், சும்மா நசுக்கிக் கெடுப்பானேன் என்றார். முதல் பாட்டின் தொடக்கத்தில் தகரக்கூரை இடுக்கில் கச்சான் காற்று விசில் அடிப்பது உங்கள் காதுக்கு எட்டுகிறது என்றால், அது அவர் பிடிவாதத்தால்.

ஆல்பம் வந்த பிறகு நடந்தது நாங்கள் நினைத்துப் பார்க்காதது. பாம்பனில் 2016இல் தொடங்கி மீனவர்களுக்காகவே நடக்கும் 'கடல் ஓசை' 90.4 வானொலியில் எங்கள் குரலைக் கேட்டபோது வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றோம். பெண்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் வள்ளத்திலும் விசைப்படகிலும் போட்ட தம்பிமார், மினிபஸ்ஸில் போட்ட டிரைவர் அண்ணன்மார், கடைக்கு வந்தவர்களையெல்லாம் நிற்கவைத்துக் கேட்கச் செய்த கீழக்கரைக் காக்கா, அதாவது அண்ணன் (அவர் அனுப்பிய தொதல் இனிப்பு ஒரே நாளில் தீர்ந்தது) எல்லோருக்கும் நன்றி. "ஒரே கத்தலா இருக்கு" என்று சொன்னவர்களும் ஒன்பது பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். மூன்றாவது பாட்டு நீளம் என்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை, இருந்தாலும் உட்கார்ந்து கேட்டதற்கு நன்றி.

இலங்கையின் மன்னாரிலிருந்து எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. "இங்கயும் இதே கச்சான்தான் வீசுது அண்ணா. எங்கட வலையை உங்கட பக்கத்து விசைப்படகு அறுத்துப் போட்டுப் போகுது. அதைப் பற்றி ஒரு பாட்டும் இல்லையே" என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்து மீனவர்கள் சிறைப்படுவதையும் படகு பறிபோவதையும் நாங்கள் பாடியிருக்கிறோம். அவருடைய அறுந்த வலையும் அதே கடலில்தான் கிடக்கிறது. வந்த கடிதங்களிலேயே எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். தம்பி, அந்தப் பாட்டை எழுதத் தொடங்கிவிட்டோம். முடிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் வரும்.

ஆல்பம் இன்னும் கிடைக்காதவர்கள் பாம்பன் டீக்கடையில் மச்சானிடம் பெண்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். கரையில் இருப்பவர்களிடம் காசு வாங்க மாட்டோம். பாட்டு வரிகளை அச்சடித்துத் தரும்படி கேட்ட ஆசிரியர்களுக்கு அடுத்த மாதம் அனுப்பிவைக்கிறோம்.

என்றும் அன்புடன்,
'கச்சான்' குழுவினர் ஐவர்,
பாம்பன்