சீவாளி வாத்தியம்

திருப்பரங்குன்றம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

நலமா? தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமா? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

நீ அனுப்பிய 'மோரிக்கோனே 60', அதான் இத்தாலிய சினிமா இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேயின் இசை ஆல்பம், புதன்கிழமை வந்து சேர்ந்தது. நாலு நாளாக வீட்டில் அதுதான் ஓடுகிறது. 88 வயதைத் தொடப்போகிற நேரத்தில், 2016-இல், மனுஷன் செக் தேசிய சிம்பொனிக் குழுவை முன்னால் நின்று நடத்தித் தன் படங்களின் இசையைத் தந்திருக்கிறாரே, அந்த வயதுக்கு எத்தனை தெம்பு!

'தி மிஷன்' படத்து ஓபோ என்கிற மேல்நாட்டுக் குழல் வாத்தியம் வரும்போது மேளக்கார மாமா வாசலில் உட்கார்ந்து, நாகஸ்வரத்தில் வைத்து ஊதுகிற நாணல் துண்டான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். சட்டென்று எடுத்துவிட்டு, "சீவாளி வாத்தியம்தானப்பா இது?" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. மாமா அந்தப் படம் பார்த்ததில்லை, அதன் பெயரும் தெரியாது. ஓபோவிலும் இரட்டை நாணல்தான், நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். படத்தில் காட்டுக்குள் பாதிரியார் தனியாக உட்கார்ந்து வாசிப்பதையும், குவாரனி என்கிற தென்னமெரிக்கப் பழங்குடி மக்கள் வில்லோடு சூழ்ந்து நிற்பதையும் சொன்னேன். "இன்னொரு தடவை போடு" என்றார். மூன்று தடவை கேட்டார்.

'சினிமா பாரடைசோ' படத்து இசை வந்தபோது எனக்கு மதுரை தங்கம் தியேட்டர் ஞாபகம். படத்திலும் கடைசியில் தியேட்டரை இடிப்பார்களே. நம் தங்கம் 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர், இரண்டாயிரத்தைந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். இடித்து எத்தனையோ வருஷமாகியும், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் போனால் இன்னும் தலை தானாகத் திரும்புகிறது.

அப்புறம் ஒரு ஆதங்கம். நம் காலத்தில் கேசட் வாங்கினால் பாட்டு மட்டும்தான் இருக்கும். பின்னணி இசை வேண்டுமென்றால் ரேடியோவில் ஒலிச்சித்திரத்துக்குக் காத்திருந்து, வசனத்துக்கு நடுவே கிடைத்ததைக் கேட்டோம். 'முதல் மரியாதை' புல்லாங்குழலை வசனமில்லாமல் முழுசாகக் கேட்க எவ்வளவு ஏங்கியிருக்கிறோம்! நம் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா தானே உட்கார்ந்து தனக்குப் பிடித்த துண்டுகளைப் பொறுக்கி, புதிதாக வாசிக்க வைத்து, இதுபோல ஒன்று தர வேண்டும். எனக்கு அது ரொம்ப நாள் ஆசை.

அந்தக் காலத்தில் 90 நிமிட கேசட்டில் பதிவதற்குப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுப்போமே, அதேபோல உனக்குப் பிடித்த பின்னணி இசை பத்து எழுதி அனுப்பு. என்னுடையதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு வருவாய்தானே? மாமா உன்னைக் கேட்டார்.

அன்புடன்,
செல்வம்