மொழிக்கு ஒரு எழுத்துரு: ஆவண மென்பொருள் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். திருப்பூரில் டிடிபி கடை, அதாவது கணினியில் அச்சுக்கோத்துக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, ரசீது புக், கோயில் நோட்டீஸ் எல்லாம் உண்டு. ஆனால் இப்போது பெரும்பாலும் வருவது மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்குமான அறிவிப்புகள்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிற ஊர் என்பதால் ஒரே தாளில் தமிழ், இந்தி, ஒடியா, ஆங்கிலம் நான்கும் வேண்டும். அது உங்கள் மென்பொருளில் என்ன பாடு என்று நான் விளக்கத் தேவையில்லை. எத்தனையோ பேர் உங்களுக்கு எழுதிவிட்டார்கள்.

கேட்பது ஒன்றுதான். தமிழுக்கு இந்த எழுத்துரு (ஃபான்ட்), இந்த அளவு, இந்திக்கு இது, ஒடியாவுக்கு இது என்று ஓர் ஆவணத்தில் ஒருமுறை சொல்ல வழி வேண்டும். சொன்னது நிற்க வேண்டும். நிற்காத இடத்தில் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தெரிவிக்காததால் வந்த வினையைச் சொல்கிறேன். அவிநாசிப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் பாதுகாப்பு நோட்டீஸ் செய்தோம். 'கார்டிங் மெஷின் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்' என்று தொடங்கும். ஒடியா வரிகளை மில்லிலேயே ஒருவர் அடித்துக் கொடுத்தார். அவர் கணினியில் சரியாகத்தான் இருந்தது. எங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. மென்பொருள் சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டுக்கொண்டது. மெனுவில் மட்டும் பழைய பெயரே நின்றது. அச்சாகிச் சுவரில் ஒட்டிய பிறகு, அங்கே வேலை பார்க்கும் ஒடிசாத் தம்பி ஒருவர்தான் காட்டினார். ஒன்றாகச் சேர வேண்டிய மெய்கள் பிரிந்து கிடந்தன. ஓர் உயிர்க்குறி தன் எழுத்தை விட்டு விலகி, புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. "அண்ணா, இது படிக்க வரலை" என்றார். எனக்கு ஒடியா தெரியாது; புரூப்பை எத்தனை தடவை பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் எழுத்துரு மாறியது மென்பொருளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? கையை இழுத்துவிடும் மெஷின் பக்கத்தில் ஒட்டுகிற நோட்டீஸ் ஐயா அது.

தமிழிலும் தொல்லைதான். பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அசையாமல் நிற்கிறது. காரணம் எங்களுக்கும் தெரியும். வேர்டில் சேமிக்கும் டாக்எக்ஸ் (.docx) கோப்புக்குள் எழுத்துருப் பெயருக்கு நான்கு இடங்கள். ஆங்கிலம் போன்றவற்றுக்கு இரண்டு, சீனம், ஜப்பான் மொழிகளுக்கு ஒன்று. தமிழ், இந்தி, ஒடியா, அரபி எல்லாவற்றையும் மீதி ஓர் இடத்தில் அடைத்திருக்கிறீர்கள். அங்கே தமிழ் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் இந்திக்கும் ஒடியாவுக்கும் அதே பெயர்தான். அந்த எழுத்துகள் அதில் இல்லையென்றால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு எதையோ எடுத்துக்கொள்ளும். எண்களும் புள்ளியும் ஆங்கிலத்தோடு போய்விடும். பத்திரிகையில் 'காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்று போட்டால் தமிழ் தடித்தும் எண் மெலிந்தும் நிற்கும். முகூர்த்த நேரம்தான் எடுப்பாகத் தெரிய வேண்டிய வரி.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பல அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விடவில்லை. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மென்பொருள் அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு மெனு சொன்னபடி கேட்கும். அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். ஒரு பெயரைத் தேடக்கூட முடியாது. முறையாகத் தமிழ் அடிக்கிறவருக்குத் தண்டனை, பழையபடி அடிக்கிறவருக்கு வசதி. இதுவா நீங்கள் விரும்பியது?

பக்கத்து ஊரான ஈரோட்டில் பெரியார் தொடங்கிய 'குடிஅரசு' 1935-இல் சீர்திருத்த எழுத்தில் வரத் தொடங்கியது. ணா, றா, னா, ணை, லை போன்றவற்றுக்கு அச்சுக்கோப்பவர் தனி அச்சு தேடும் வேலை அதில் குறைந்தது. 1978-இல் அரசே அதை ஏற்றுக்கொண்டது. ஈய அச்சுக்காகத் தமிழ் தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. கணினி வந்த பிறகும் நாங்களேதான் வளைந்துகொடுக்க வேண்டுமா?

முடியாததை நான் கேட்கவில்லை. யூனிகோடில் தமிழ், தேவநாகரி, ஒடியா ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. எந்தெந்த எழுத்துகள் உள்ளன என்ற அட்டவணை ஒவ்வொரு எழுத்துருக் கோப்புக்குள்ளும் இருக்கிறது. இணையப் பக்கங்களுக்குத் தமிழுக்கு ஒன்று, தேவநாகரிக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத்துரு தேர்ந்தெடுக்க ஃபயர்பாக்ஸ் உலாவியில் வழி இருக்கிறது. படிக்கிறவருக்குக் கிடைக்கும் அந்த வசதி, அடிக்கிற எங்களுக்கு ஏன் இல்லை?

ஆகவே திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். மொழிக்கு ஒரு எழுத்துரு என்று ஒருமுறை சொன்னால் அது நிற்கட்டும். பட்டியலில் தமிழ் உள்ள எழுத்துருக்களை மட்டும் பிரித்துக் காட்டுங்கள், மாதிரியையும் தமிழிலேயே காட்டுங்கள். எழுத்துரு இல்லாமல் வேறொன்றைப் போட்டால், அச்சுக்கு அனுப்பும் முன் எந்தப் பக்கம், எந்த வரி என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய முடியாதென்றால், அந்த எச்சரிக்கையை முதலில் செய்து கொடுங்கள். சோதித்துப் பார்க்க நான்கு மொழிக் கோப்புகள் வேண்டுமென்றால் எங்கள் கடையிலிருந்தே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர் ஒருவர்,
திருப்பூர்