முதலில் காப்பாற்ற வேண்டியது டிஜிட்டல் நாடாவையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையில், அனலாக் கேசட்டுகளை முதலில் கணினியில் ஏற்ற வேண்டும், டிஜிட்டல் நாடாக்களுக்கு அவசரமில்லை என்று எழுதப்பட்டிருந்தது. காலடிப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேசட் ரெக்கார்டிங் கடை நடத்தியவன் நான். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்ற மாதம் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மையார் இரண்டு நாடாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, 1984இல் அவருடைய பாட்டி பாடிய ஒப்பாரி பதிவான கேசட். மற்றொன்று, 1996இல் அவருடைய கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரத்தை, ஸ்டுடியோவில் வேலை பார்த்த உறவினர் பதிந்து கொடுத்த 'டாட்' எனும் டிஜிட்டல் நாடா. இரண்டும் ஒரே தகரப் பெட்டியில் கடற்காற்றில் கிடந்தவை. கேசட்டில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அதைத் துடைத்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் 'ஹெட்' என்ற பாகத்தின் சாய்வைச் சரிசெய்யும் திருகை 'ச' என்ற எழுத்து கூர்மையாகக் கேட்கும்வரை மெல்லத் திருகியதும், பாட்டியின் குரல் வந்தது. மங்கலாகத்தான் இருந்தது, இரைச்சலும் இருந்தது. ஆனால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை, இடையில் அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. டாட் நாடாவோ பதினோரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் ஒலித்து, சடசடவென்று வெடித்து, அடியோடு நின்றுவிட்டது.

இரண்டு நாடாக்களின் அகலமும் 3.81 மி.மீ.தான், வேறுபாடு எழுதும் முறையில் இருக்கிறது. கேசட்டில், ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நாடாவின் மேலுள்ள காந்தத் துகள்கள் கூடுதலாகவோ குறைவாகவோ காந்தமேறுகின்றன. துகள்கள் கொஞ்சம் உதிர்ந்தால் ஒலியும் அந்த அளவுக்கே தேயும். டாட் கருவியோ ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக்கி, நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழலும் உருளையில் பொருத்திய ஹெட்டுகளால், தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய சாய்கோடுகளாக நாடாவில் எழுதுகிறது. சில எண்கள் அழிந்தாலும் உடன் எழுதப்பட்ட திருத்த எண்களைக் கொண்டு கருவி அவற்றை மீட்டுவிடும். அதனால் நாடா கெட்டுக்கொண்டிருப்பது காதுக்குத் தெரிவதே இல்லை. சேதம் அந்தத் திருத்தத்தின் எல்லையைத் தாண்டும் இடத்தில் ஒலியே இல்லாமல் போகிறது. தெளிவாகக் கேட்கிறதே என்று இதை ஒதுக்கி வைப்பதுதான் ஆபத்து.

கருவிகளின் நிலையும் இதையே சொல்கிறது. கேசட் பிளேயரை இன்றும் தேடிப்பிடித்துப் பழுதுபார்த்துவிடலாம். டாட் கருவி தயாரிப்பை சோனி நிறுவனம் 2005இலேயே நிறுத்திவிட்டது. உருளையின் ஹெட் தேய்ந்தால் மாற்று கிடைப்பது அரிது. வடசென்னையில் கச்சேரி, கோயில் விழா, தேவாலயப் பாடற்குழு ஆகியவற்றின் டாட் பதிவுகளை வைத்திருப்பவர்கள், கேசட்டுகளைச் சற்றுப் பொறுத்து எடுத்துக்கொண்டு, இவற்றை உடனே பிரதி எடுக்க வேண்டுகிறேன்.

ஒரு கருவியில் பாடாத டாட் நாடா, ஹெட் அமைப்பு சற்றே வேறுபட்ட இன்னொன்றில் பாடுவதுண்டு. அம்மையாரின் நாகஸ்வரத்தில் மிச்சப் பகுதியை அப்படி எடுத்துப் பார்க்க, இயங்கும் டாட் கருவி வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர், சென்னை – 19.